ஒரே அடுப்பு

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கொல்லிமலையில், திண்ணனூர் நாடு என்கிற ஊர்க்கூட்டத்தில், எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. இரண்டு அறை, புல் கூரை, அவ்வளவுதான். சாமை விளைச்சல் பொய்த்த வருஷம் அதை மலையடிவாரத்துக் காரவள்ளியில் ஒருவரிடம் அடமானம் வைத்தோம். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: "நீங்க இருந்துக்குங்க. வேற ஆளைக் குடி வெக்கக் கூடாது. வெச்சா ஊடு எனக்கு."

வட்டி கட்ட மலையில் வழியில்லை. புளியஞ்சோலைப் பக்கம் ஒரு பாக்குத் தோப்பில் காவல் வேலை கிடைத்தது. நானும் என் கணவரும் கீழே இறங்க இருந்த சமயத்தில், அம்மை குத்துகிற சர்க்கார் ஆள் ஒருவர், பிள்ளைத்தாய்ச்சி மனைவியோடு வாடகைக்கு வீடு தேடி வந்தார். அவர் தருவதாகச் சொன்ன வாடகை வட்டிக்குச் சரியாக இருக்கும். ஆனால் நிபந்தனை?

என் கணவர் பகல் முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். எங்களுக்குக் குடி என்றால் அடுப்பு. தனி அடுப்பு மூட்டினால் தனிக் குடி. அண்ணன் தம்பி பிரிந்தாலும் அடுப்பை வைத்துத்தான் பேச்சு.

"நம்ம அடுப்புல, நம்ம சட்டியில ஆக்கித் தின்னா அவங்க எப்படிக் குடியாவாங்க? விருந்தாளிதானே?"

"காசு குடுக்கற விருந்தாளியை நான் பார்த்ததில்லீங்க" என்றேன். எனக்கு வாய்த்துடுக்கு அதிகம். ஆனாலும் அவர் சொன்னதை நம்பவே ஆசைப்பட்டேன். இன்னொரு அடுப்பு மட்டும் மூட்டிவிடாதே என்று அந்தப் பெண்ணிடம் பலமுறை சொல்லிவிட்டு இறங்கினோம்.

மாதா மாதம் வாடகை வாங்க ஏறி வருவோம். அவள் ஆக்கியதை எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோம். அப்படி ஒரு நாள் சாப்பிடும்போது காரவள்ளிக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"இவங்க யாரு?"

"விருந்தாளிங்க. ஒரே அடுப்புத்தானுங்க" என்றார் என் கணவர்.

காரவள்ளிக்காரர் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, காசு வாங்கறீங்களா?"

என் கணவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். எனக்குப் பொய் வரவில்லை. "வாங்கறோமுங்க. அந்தக் காசுதானுங்க வட்டியா உங்க கைக்கு வருது. இவங்களை வெரட்டுனா எங்களால வட்டி கட்ட முடியாதுங்க."

அவர் கோபப்படவில்லை. "நாளைக்கு ஊட்டை நான் எடுத்துக்கும்போது இவங்க காலி பண்ணோணும். அதுக்குத்தான் அப்படிச் சொன்னேன்" என்றார். எடுத்துக்கொண்டால் என்று சொல்லவில்லை, எடுத்துக்கும்போது என்றார். எங்கள் வீட்டை அவர் மனதுக்குள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வீட்டை நினைத்து வாயை அடக்கினேன்.

கடைசியில் அவர்கள் இருக்கலாம், வாடகை நேரே தன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று முடிவு சொன்னார். வீடு தப்பித்ததே என்று தலையாட்டினோம்.

அதன்பிறகு மாதா மாதம் மலையேற எங்களுக்கு வேலையில்லாமல் போயிற்று. கூரை ஒழுகினால்கூட அவர்கள் காரவள்ளிக்காரரைத்தான் கேட்டார்கள். மழைக்காலம் முடிந்து ஒரு நாள் போனோம். அந்தப் பெண் இடுப்பில் குழந்தையோடு ஓடி வந்தாள். "வாங்க, வாங்க! உள்ள வந்து உட்காருங்க" என்று பாயை விரித்தாள். என் பாய். அவள் பிரியமாகத்தான் அழைத்தாள். காரவள்ளிக்காரர் முன்னால் அழாதவள், அங்கே அழுதேன். குழந்தையைப் பார்த்த சந்தோஷம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

தோப்புக் கூலியைச் சேர்த்துச் சேர்த்து ஒருவழியாக அடமானத்தை மீட்டோம். அவர்களுக்கும் வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. அவர்கள் புறப்பட்ட அன்றே மூட்டை முடிச்சோடு ஏறி வந்தோம். நான் உள்ளே போய் அடுப்பை மூட்டிவிட்டுத் திரும்பினால், என் கணவர் வாசலிலேயே நிற்கிறார், யாராவது கூப்பிடட்டும் என்பது போல.

"உள்ள வாங்க" என்றேன்.