வேட்டியில் கொட்டிய குழம்பு

என் அப்பா ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் தக்காளி விவசாயம் செய்பவர். குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார். ஆனால் அடிப்பார். தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டால் அடி, வாய்ப்பாட்டில் தடுமாறினால் அடி. அதற்கென்றே ரப்பர் குழாயில் ஒரு முழம் வெட்டிக் கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்திருந்தார். ஐந்து வயதிலேயே, அவர் மொபெட்டை நிறுத்தும் வேகத்தை வைத்து அன்றைக்குத் தக்காளி விலை சரிந்ததா இல்லையா என்று கண்டுபிடித்துவிடுவேன்.

படித்து முடித்து, வேலை கிடைத்து, கல்யாணமாகித் திண்டுக்கல்லில் குடியேறிய பிறகும் அந்தப் பயம் போகவில்லை. மேலதிகாரி "செத்த வந்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டாலே உள்ளங்கை வேர்க்கும். மகள் பிறந்த வருஷம் நெஞ்சுப் படபடப்பு தாங்க முடியாமல் போனது. இதயக் கோளாறு என்றே நினைத்து ஈசிஜி எடுத்தேன். ஒன்றுமில்லை என்று சொல்லி மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள்.

"சின்ன வயசுல வீட்ல அடிப்பாங்களாம்மா?" என்று அந்த டாக்டரம்மா கேட்டார்.

"எல்லா வீட்லயும் நடக்குறதுதானே டாக்டர்?" என்று சிரித்தேன்.

"உங்க பொண்ண அப்படி அடிப்பீங்களா?"

எனக்கு அழுகைதான் வந்தது.

மாத்திரையும் பேச்சுமாக ஒன்றரை வருஷம் அவரிடம் போனேன். படபடப்பு குறைந்தது, தூக்கம் வந்தது. மகளை அடிப்பதில்லை என்று நானும் கணவரும் முடிவு செய்தோம். கத்தியிருக்கிறேன். அப்புறம் அவளிடமே போய், "அம்மா கத்துனது தப்பு" என்று சொல்லியும் இருக்கிறேன்.

போன மாதம் அப்பா வந்திருந்தார். மகளுக்கு இப்போது ஐந்து வயது. தாத்தாவுக்குத் தானே பரிமாறுவேன் என்று குழம்புக் கிண்ணத்தைத் தூக்கி வந்தவள், கை நழுவி அவருடைய வெள்ளை வேட்டியில் கொட்டிவிட்டாள். நான் உறைந்துபோய் நின்றேன்.

"அச்சச்சோ, கொட்டிருச்சு தாத்தா! இருங்க, துணி எடுத்துட்டு வாரேன்" என்று உள்ளே ஓடினாள்.

அவள் போன திசையையே அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயப்படவே மாட்டேங்குது" என்றார்.

"நாங்க பயமுறுத்துனதில்லீங்கப்பா."

அப்பா தட்டை நகர்த்தி வைத்தார். "எங்கப்பன் என்னைய அடிச்சாரு, நான் உன்னைய அடிச்சேன். வேற மாதிரி வளக்கலாம்னே தெரியாமப் போச்சு சாமி."

"எனக்கும் கத்துக்க நாளாச்சுங்கப்பா" என்றேன்.

மகள் துணியோடு திரும்பி வந்தாள். பார்த்தால், அது என்னுடைய புதுத் துப்பட்டா! அப்பா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். வேட்டியை உதறிவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். குழம்பை அவளையே ஊற்றச் சொன்னார். இந்தத் தடவை கிண்ணத்துக்கு அடியில் தன் கையையும் கொடுத்துக்கொண்டார்.

நானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நன்றாகப் பசித்தது.