விமானத்தைக் கொண்டு விடுகிறவள்

என் தங்கை மகள் விமானப்படையில் விமானம் ஓட்டுகிறாள். எல்லையில் சண்டை நடந்தபோதும் வேலையில்தான் இருந்தாள். சண்டை ஓய்ந்து லீவில் எங்கள் ஊர் குத்துக்கல்வலசைக்கு வந்தபோது, கடையத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். பக்கத்துக் குற்றாலத்தில் அருவி சீசன் நேரம். வந்த ஆண்களின் பைக்குள் துண்டும் எண்ணெயும் இருந்ததை நான் பார்த்துவிட்டேன். பெண் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் குளியல் உண்டு!

இதற்கு முன் வந்த இடங்களெல்லாம் இவள் வேலையைக் கேட்டுத்தான் தட்டிப்போயின. அன்று காலையில் என் காதோடு, “இந்த இடம் அமையணும் பெரியம்மா. ஆனா வேலைய விட மாட்டேன்” என்று சொல்லியிருந்தாள்.

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. வெளி ஆட்கள் முன்னால் பேச்சும் வராது. அடுக்களை வாசலிலேயே நின்றுகொண்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்: “சண்டையில நீ குண்டு போட்டியாம்மா?”

“இல்ல அத்தை. ரிப்பேர் பாத்து முடிச்ச விமானத்தை எல்லைப் பக்கத்துல கொண்டு ஒப்படைக்கணும். சண்டைக்கு அங்க உள்ள பைலட்டுங்க எடுத்துக்கிடுவாங்க. நான் ரயிலோ, வேற விமானமோ பிடிச்சுத் திரும்பிருவேன்.”

அந்த அம்மாள் முகம் சுருங்கியது. “கல்யாணத்துக்குப் பொறவு ஆபீஸ் வேலையா மாத்தித் தருவாங்களா?”

“கேட்டா தருவாங்க. நான் கேக்க மாட்டேன் அத்தை.”

தங்கை என்னைப் பார்த்தாள். எப்படி என்று தெரியவில்லை, என் வாய் தானாகத் திறந்துவிட்டது.

“மதினி, கல்யாணம் முடிச்ச பிள்ளைய மாப்பிள்ளை வீட்டுல நாம கொண்டு விடுதோம்லா, அந்த வேலைதான் பாக்கா. விட்டுட்டு வந்துருவா.”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்த அம்மாளும் சிரித்தார்.

“எங்க குடும்பத்துல எல்லாப் பிள்ளைகளையும் கொண்டு விடப் போறது நாந்தான். வழியெல்லாம் அழும். ஒன் விமானம் எப்படிம்மா?” என்று அவளிடம் கேட்டார்.

“மழையில போட்டு உலுக்கிரும் அத்தை.”

“போற வீட்டுல பலகாரம் கட்டித் தருவாங்களா?”

“டீயும் பிஸ்கட்டும். அதுவும் சுத்திச் சுத்திப் பாத்து, குறை ஒண்ணுமில்லன்னு கையெழுத்துப் போட்ட பொறவுதான்.”

“சம்பந்தக்காரங்க எல்லா ஊர்லயும் ஒண்ணுபோலத்தான் இருப்பாங்க போல!” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “பயமா இருக்காதாட்டி?” என்று கேட்டார்.

“ஓட்டும்போது வேலை சரியா இருக்கும் அத்தை. எறங்கின பொறவு காலு லேசா நடுங்கும்.”

அந்த அம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்கும் பிள்ளைய விட்டுட்டு பஸ் ஏறினப்பொறவுதான் கண்ணு கலங்கும். சரி, நீ வேலைய விட வேண்டாம். எறங்கினதும் எனக்கு ஒரு போன் மட்டும் போட்டுரு” என்றார். அப்படியே மகன் பக்கம் திரும்பினார். “நீ என்னலே சொல்லுத?”

“எப்பவும் எறங்கினதும் எனக்குத்தாம்மா மொதல்ல போடுவா” என்றவன், நாக்கைக் கடித்துக்கொண்டான்.

என் தங்கை மகள் தலையை நிமிர்த்தவே இல்லை.

“ஏலே, அப்படியா சங்கதி!” என்று அந்த அம்மாள் எட்டி அவன் காதைப் பிடித்தார்.