வடிகட்டியில் தங்கியது

எங்கள் சமையலறையில் காலண்டர் மாட்டிய ஆணியில் ஆறு வாரம் ஒரு கட்டிங் பிளேயர் தொங்கியது. என் மனைவிக்கு வாந்தி வந்தால் அதை எடுத்து, அவளுடைய மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கட்டியிருந்த கம்பிகளை நான் வெட்டிவிட வேண்டும். வெட்டாவிட்டால் மூச்சடைத்துக்கொள்ளும். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது, மாத்திரை எப்போது போட வேண்டும் என்று சொன்ன அதே குரலில் டாக்டர் இதையும் சொன்னார். நான் ஒரு தொழிற்சாலையில் டூல் ரூம் இன்ஸ்பெக்டர். அவர்கள் கொடுத்த பிளேயரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அதன் வாய் சரியாகச் சேரவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவை நிறுத்தி வேறொன்று வாங்கினேன். ஆட்டோவுக்குள் வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்த மனைவி, ஹார்டுவேர் கடை வாசலில் நான் நாலு பிளேயரை மாற்றி மாற்றிப் பார்த்ததைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பெங்களூர் தொம்மலூரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அடுகோடியில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்னால் உட்கார்ந்தால் வீடு வரும்வரை பேசிக்கொண்டே வருவது அவள் வழக்கம். பாதி காதில் விழும், பாதி காற்றோடு போய்விடும், இரண்டுக்கும் சேர்த்து நான் "ம்" போடுவேன். அன்று பக்கத்தில் ஒரு லாரி போன நேரம் அவள் ஏதோ சொன்னாள். நான் தலையைத் திருப்பி, "என்ன?" என்று கேட்டேன். அடுத்த நிமிடம் முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி, இரண்டு பேரும் ரோட்டில் கிடந்தோம். எனக்கு பேண்ட் முழங்கால் கிழிந்தது. அவள் முகவாய் தரையில் மோதி, கீழ்த்தாடை இரண்டு பக்கமும் உடைந்தது.

ஆபரேஷன் செய்து பிளேட் வைத்து, பற்களைக் கம்பியால் கட்டினார்கள். ஆறு வாரம் வாயைத் திறக்கக் கூடாது. டாக்டர் கண்டோன்மெண்ட் பக்கத்து ஆள், எங்களிடம் தமிழில்தான் பேசுவார். "எலும்பு கூடறதுக்கு சத்து வேணும். இவங்க ஐம்பது கிலோ. நாப்பத்திமூணுக்குக் கீழ போகவிடாதீங்க. போச்சுன்னா கம்பிய முன்னாடியே எடுக்க வேண்டி வரும். தாடை கோணலா கூடிடும். அப்புறம் மறுபடி உடைச்சு சேர்க்கணும்" என்றார். உடைப்பது என்ற சொல்லை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். என் மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

எங்கள் வீட்டில் வாய் என்றால் அவள்தான். அல்சூரில் பிறந்து வளர்ந்தவள். பிரைமரி ஸ்கூல் டீச்சர். கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. கீழ்வீட்டு ஓனரம்மாவிடம் வாடகையைப் பேசிக் குறைத்தது, காஸ் ஏஜென்சியில் சண்டை போட்டது, பஸ்ஸில் சில்லறை கேட்டு வாங்கியது எல்லாம் அவள்தான். நான் திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவன். இருபது வருடத்தில் எனக்குத் தெரிந்த கன்னடம் "ஸ்வல்ப", அதாவது "கொஞ்சம்", அது மட்டும்தான். அதை வைத்தே சமாளித்திருந்தேன்.

இப்போது அவள் கையில் ஒரு சிலேட்டு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வைத்திருக்கும் அதே கருப்பு சிலேட்டு. "மிக்ஸி மூடியைக் கையால் அழுத்திப் பிடிக்கணும்" என்று எழுதுவாள். "பால் பொங்குது" என்று எழுதி முடிப்பதற்குள் பால் பொங்கிவிடும். என் "ம்" இப்போது அவளுக்குப் போதவில்லை, படித்து முடித்ததும் சிலேட்டின் ஓரத்தில் நான் ஒரு டிக் போட வேண்டும். டீச்சர் புத்தி.

ஒன்றே ஒன்றுதான் அந்தச் சிலேட்டில் வரவில்லை. ஸ்கூட்டர். "ரோட்டைப் பார்த்து ஓட்டியிருக்கலாம்" என்று ஒரு வரி எழுதுவாள் என்று தினமும் காத்திருந்தேன். எழுதினால் ஒரு டிக் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். எழுதவே இல்லை. வாய் திறந்ததும் சொல்வதற்கென்று சேர்த்து வைக்கிறாள் என்று முடிவு செய்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

பயத்தை வேலையில் காட்டினேன். ஒன்றரை மாதம் லீவு போட்டு, அதுவரை வெந்நீர் வைப்பதற்கு மட்டும் நுழைந்த சமையலறைக்குள் நுழைந்தேன். கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் இருக்கும் சின்ன இடைவெளி வழியாகத்தான் அவளுக்கு எல்லாம் உள்ளே போக வேண்டும். அந்த இடைவெளியில் ஒரு பருக்கை மாட்டினாலும் எடுக்க முடியாது. டாக்டர் சொன்னது, "நைசா அரைச்சு, தண்ணியா குடுங்க." அவ்வளவுதான். வடிகட்டச் சொல்லவில்லை. ஆனால் இருபது வருடம் மற்றவர்கள் செய்த பொருளில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான். அரைத்ததை விரலில் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தேன். நறநறவென்று இருந்தது. ரிஜெக்ட்.

முதலில் டீ வடிகட்டியில் வடிகட்டினேன். பிறகு அதன் மேல் என் பழைய வேட்டியைக் கிழித்து மடித்துப் போட்டேன். பருப்பு சாதம், கேரட் போட்ட கிச்சடி, ராகிக் கூழ், வேகவைத்த உருளைக்கிழங்கில் பால் ஊற்றியது என எல்லாம் மிக்ஸியில் ஓடி, துணியில் இறங்கி, டம்ளருக்கு வரும்போது ஒரே நிறத்தில், குழாய்த் தண்ணீர் போல ஓடும். டம்ளரை ஜன்னலருகே தூக்கிப் பார்ப்பேன். ஒரு துகள் இருக்காது. அவள் ஸ்ட்ராவால் உறிஞ்சுவாள். எங்கேயும் மாட்டாது. எனக்குப் பெருமையாக இருந்தது.

துணியில் ஒரு உருண்டை மிஞ்சும். அதைக் கொட்ட மனம் வராது. எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் சோற்றைக் கொட்டும் பழக்கம் கிடையாது. அதனால் சமையலறையிலேயே நின்றபடி, மாங்காய் ஊறுகாய் தொட்டுக்கொண்டு சாப்பிட்டுவிடுவேன். ஒரு நாளைக்கு ஏழு வேளை அவளுக்குக் கொடுக்க வேண்டும். ஏழு உருண்டை. அவள் முன்னால் உட்கார்ந்து மெல்லுவது பாவம் என்று தட்டில் போட்டுச் சாப்பிடுவதை விட்டிருந்தேன். அவளுக்காகப் பட்டினி கிடப்பதாகவே எனக்குள் ஒரு நினைப்பு.

பெங்களூரில் பார்த்தவர்களெல்லாம் வணக்கத்துக்குப் பதிலாகச் சாப்பிட்டாச்சா என்றுதான் கேட்பார்கள். பால்கனியில் அவள் வந்து நின்றால் கீழ்வீட்டு ஓனரம்மா அண்ணாந்து, "ஊட்ட ஆய்த்தாம்மா?" என்பார். எதிர்வீட்டுக்காரர் கேட்பார். பேப்பர் போடுபவர் கேட்பார். கம்பி கட்டியிருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கேட்பார்கள். அவளும் ஆச்சு என்று தலையாட்டுவாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்பார்கள். "ஸ்வல்ப" என்பேன்.

இரண்டாம் வாரம் எடை பார்த்தார்கள். நாற்பத்தேழு. டாக்டர், "கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், கவனமா குடுங்க" என்றார். கவனமாகக் கொடுப்பது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். வேட்டித் துணியை நாலு மடிப்பாக்கினேன்.

நாலாம் வாரம் ஆட்டோவில் ஏறும்போது அவள் கை என் கையில் கனமே இல்லாமல் இருந்தது. வளையல் முழங்கை வரை ஏறியது. கிளினிக்கில் எடை மெஷின் மேல் நின்றாள். நாற்பத்து மூன்றரை. டாக்டர் பேனாவை மூடிவிட்டார். "இப்படியே போனா அடுத்த வாரம் கம்பிய எடுக்கறதப் பத்தி யோசிக்கணும்" என்றார். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். அழுதால் மூக்கடைத்து மூச்சுத் திணறும் என்று அவளுக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அதனால் அழாமல் நின்றாள். அதைப் பார்க்க முடியவில்லை.

எனக்கு மெஷின் மேல் சந்தேகம் வந்தது. தினமும் ஏழு வேளை கொடுக்கிறேன், ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடிக்கிறாள், எப்படிக் குறையும்? "சார், இந்த மெஷின செக் பண்ணணும். என் எடை அறுபத்திரண்டு. பத்து வருஷமா மாறினதே இல்ல. நான் ஏறிப் பாக்கறேன்" என்றேன். தொழிற்சாலையில் கருவி மேல் சந்தேகம் வந்தால் தெரிந்த அளவுள்ள பொருளை வைத்துத்தான் சோதிப்போம். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன்.

அறுபத்தாறு.

"பாத்தீங்களா சார், நாலு கிலோ கூடக் காட்டுது" என்றேன். சொன்ன பிறகுதான், அப்படியானால் அவள் எடை நாற்பதுக்கும் கீழே என்று எனக்குக் கணக்கு வந்தது. டாக்டர் மெஷினைப் பார்க்கவில்லை. என் சட்டையைப் பார்த்தார். கடைசி இரண்டு பொத்தான்களுக்கு நடுவே துணி விலகி பனியன் தெரிந்தது.

"நீங்க வீட்ல என்ன சாப்பிடறீங்க?"

"ஒண்ணும் சாப்பிடறதில்ல சார். இவங்களுக்கு வடிகட்டினது போக மிஞ்சினது மட்டும்தான்."

டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டு, "இவர் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க" என்றார். நான் நர்ஸுக்கு மறுபடியும் முதலிலிருந்து விளக்கினேன், துணி, நாலு மடிப்பு எல்லாவற்றையும். நாலாவது மடிப்புக்கு வரும்போது எனக்கே புரிந்துவிட்டது. நான்கு வாரமாக என் மனைவியின் சாப்பாட்டை நான் சாப்பிட்டிருக்கிறேன். அவளைக் கீழே தள்ளியவனும் நான், பட்டினி போட்டவனும் நான். அந்த அறையில் எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பெரிய சொல் இருந்தால் அதுவாகவும் இருந்தது.

பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. என் மனைவி மூக்கால் சிரித்துக்கொண்டிருந்தாள். கம்பி கட்டிய வாயால் சிரிப்பது வலிக்கும் போலிருக்கிறது, இரண்டு கையாலும் தாடையைத் தாங்கிக்கொண்டு சிரித்தாள். பைக்குள்ளிருந்து சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டினாள். "நல்லா இருந்ததா?"

டிக் போட்டேன்.

நர்ஸ் ஒரு பெரிய சிரிஞ்சும் அதன் முனையில் மாட்ட ஒரு மெல்லிய ரப்பர் ட்யூபும் கொடுத்தார். வடிகட்டாத கெட்டிக் கஞ்சியை அதில் நிரப்பி, கன்னத்துக்குள் ட்யூபை விட்டு மெதுவாகத் தள்ள வேண்டும். துகள் மாட்டினால் மாட்டட்டும், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் போய்விடும் என்றார். அன்று சாயங்காலமே வேட்டித் துணி ஸ்கூட்டர் துடைக்கப் போயிற்று. கஞ்சியில் நெய் ஊற்றினேன். முட்டை சாப்பிடாத வீடு, சிலேட்டில் "சரி" என்று வந்ததும் முட்டையும் அடித்துக் கலந்தேன். என் சாப்பாட்டைத் தனியாகத் தட்டில் போட்டு அவள் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். அது அவள் உத்தரவு.

ஐந்தாம் வாரம் நாற்பத்து நாலு. ஆறாம் வாரம் நாற்பத்தைந்து. கம்பிகளைச் சரியான நாளில்தான் எடுத்தார்கள். நான் வாங்கிய பிளேயரை டாக்டருக்குக் கொடுத்தேன். அவர் தன்னிடம் இருப்பதே போதும் என்றார். பற்கள் ஒன்றோடொன்று பொருந்தியிருந்தன. கோணல் இல்லை. நான் குனிந்து இரண்டு தடவை பார்த்தேன், டாக்டர் இருந்தும்.

வாய் ஒரு விரல் அகலம்தான் திறந்தது. நான் சுவரோரம் போய் நின்றேன். சேர்த்து வைத்தது இப்போது வரும் என்று தெரியும். அவள் டாக்டரிடம் தேங்க்ஸ் சொன்னாள். நர்ஸிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னாள், நர்ஸ் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆட்டோவில் மீட்டருக்கு மேல் பத்து ரூபாய் கேட்டவரிடம், ஒரு விரல் அகலத்தில் எவ்வளவு சண்டை போட முடியுமோ அவ்வளவு போட்டாள். என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

வாய் நன்றாகத் திறக்க ஐஸ்கிரீம் குச்சிகளைப் பல்லுக்கிடையில் அடுக்கிப் பயிற்சி செய்ய வேண்டும். மூன்று குச்சியில் ஆரம்பித்தவள் பதினொன்றுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, "அம்மா வீட்டுக்குப் போயிட்டு வரலாங்க. ஸ்கூட்டர எடுங்க" என்றாள். விபத்துக்குப் பிறகு அதில் நான் அவளை ஏற்றவில்லை. ஆட்டோவில் போகலாம் என்றேன். "ஸ்கூட்டர்னு சொன்னேன்" என்றாள்.

கீழே வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "அன்னிக்கு நீ ஏதோ சொன்னே. நான் என்னன்னு கேட்டேன். என்ன சொன்னே?"

அவள் முந்தானையைச் சொருகிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"முன்னாடி பள்ளம் இருக்கு, பாத்துப் போங்கன்னு சொன்னேன்."

நான் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பால்கனியிலிருந்து பார்த்தால் வண்டி துடைப்பவன் போலத்தான் தெரிந்திருப்பேன்.

"ஆறு வாரம் சிலேட்டு இருந்ததே. எழுதியிருக்கலாமே."

"எழுதியிருந்தா உங்களுக்குச் சோறு இறங்கியிருக்குமா?" என்றாள். சொல்லிவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்து என் தோளைப் பிடித்தாள்.

அவளுக்குப் போன எடை திரும்பி வர நாலு மாதம் ஆயிற்று. எனக்கு ஏறிய நாலு கிலோ இன்னும் அப்படியே இருக்கிறது. அன்று அல்சூர் போகும் வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். நான் "ம்" போடவில்லை. அவள் பேசி முடிக்கும்வரை ஒவ்வொரு தடவையும் வண்டியை ஓரமாக நிறுத்திக் கேட்டேன். இருபது நிமிட வழி. ஒரு மணி நேரம் ஆயிற்று.