பச்சை அட்டையும் ‘பரவாயில்லை’யும்

அவசரப் பிரிவின் வாசல் மேசையில் பதினேழு ஆண்டுகளாக இருக்கும் நர்ஸுக்குக் ‘கோடு சிஸ்டர்’ என்று பெயர் வைத்தவர் டிராலி தள்ளும் ஊழியர். மூன்று மாதமாக நோட்டில் அவர் கோடு போட்டதுதான் காரணம்.

வருகிறவரிடம் “எப்படி இருக்கு?” என்று கேட்டு, சிவப்போ மஞ்சளோ பச்சையோ ஓர் அட்டை கொடுப்பது அவர் வேலை. சிவப்பு என்றால் உடனே உள்ளே, பச்சை என்றால் பெஞ்சில் காத்திருக்கலாம். ஒருநாள் ஒரு தையல்காரர் நெஞ்சைத் தடவியபடி “பரவாயில்லை” என்றார். பச்சை வாங்கினார். இருபதாவது நிமிடம் பெஞ்சிலிருந்து சரிந்தார். அவர் பிழைத்துக்கொண்டார், சிஸ்டருக்குத்தான் தூக்கம் போயிற்று.

‘பரவாயில்லை’ என்ற சொல்லுக்கு நன்றாக இருக்கிறேன் என்றும் பொருள். நன்றாக இல்லை, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றும் பொருள். அப்படிச் சொன்னவர்களில் எத்தனை பேருக்குப் பெஞ்சிலேயே நோய் முற்றியது என்று கோடு போட்டார். பத்தொன்பது. நோட்டைத் தலைமை மருத்துவரிடம் நீட்டினார்.

“கோடு போட்டா ஆராய்ச்சி ஆயிடுமாம்மா?”

“ஆகுதான்னு பாக்கத்தான் சார் ஒரு மாசம் கேக்குறேன்.”

மருத்துவர் ஒப்புக்கொண்டார். ஒருநாள் பழைய கேள்வி, மறுநாள் புதுக் கேள்வி: “நேத்து செஞ்சு, இன்னைக்கு செய்ய முடியாத வேலை எது?”

நான்காம் நாள் ஒரு பெரியவர் முதலில் பரவாயில்லை என்றார், பிறகு யோசித்தார். “செருப்பு மாட்டக் குனிய முடியல. மூச்சு முட்டுது.”

“இதை வீட்ல சொன்னா வாய்முத்து உதிர்ந்திருமா?” என்றார் மனைவி. சிவப்பு அட்டை கிடைத்தது.

மாதக் கடைசியில், பழைய கேள்வி கேட்ட நாட்களில் பெஞ்சில் நோய் முற்றியவர்கள் ஏழு பேர். புதுக் கேள்வி நாட்களில் இரண்டு. ஆனால் நேற்று என்று கேட்டால் மக்கள் போன வருஷத்திலிருந்து ஆரம்பித்தார்கள். வரிசை வாசலைத் தாண்டியது. கை முறிந்த ஒரு பெண் நாற்பது நிமிடம் நின்றாள். அதையும் சிஸ்டர் நோட்டில் தனிப் பக்கத்தில் எழுதினார்.

“அந்தப் பக்கத்தைக் கிழிச்சிடுங்கக்கா” என்றார் டிராலிக்காரர். “அதைப் பாத்தா கேள்வியையே தூக்கிடுவாங்க.”

சிஸ்டருக்கும் அதே பயம்தான். இருந்தும் கிழிக்கவில்லை.

மருத்துவர் அந்தப் பக்கத்தில்தான் அதிக நேரம் நின்றார். “உங்க தலையில நீங்களே மண்ணள்ளிப் போட்டுக்குறீங்களே?”

“நடந்ததுதானே சார்.”

“இது இல்லன்னா மத்ததை நம்பியிருக்க மாட்டேன்.” பேனாவைத் திறந்தார். “எல்லார்கிட்டயும் வேணாம். பரவாயில்லைங்கிறவங்ககிட்ட மட்டும் கேளுங்க. வரிசை என்னாகுதுன்னு இன்னொரு மாசம் கோடு போடுங்க.”