சரிவில் அளந்த ஆயில்

என் வேன் ஆயில் குடிக்க ஆரம்பித்தபோது எனக்குக் கவலை வரவில்லை, கோபம்தான் வந்தது. வேளாவேளைக்கு எல்லாம் செய்கிறோம், இன்னும் என்னதான் வேண்டும் உனக்கு என்று ஸ்டியரிங்கோடு சண்டை போட்டிருக்கிறேன். அக்காவுக்கு இன்று மூடு சரியில்லை என்று பின்சீட்டுப் பிள்ளைகள் கிசுகிசுத்துக்கொள்வார்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் லயத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து டவுனில் இருக்கும் இடைநிலைப்பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போவது என் தொழில். தோட்டத்துச் சாலையில் பஸ் ஏறாது. பெற்றவர்கள் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடலாமென்றால், அதே நேரத்தில் அவர்கள் அன்றைய வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்தாக வேண்டும். ஆக, என் வேன் நின்றால் சில பிள்ளைகளின் படிப்பும் நின்றுவிடும். அதைச் சொல்லிக் காட்டி நான் பெருமையடித்துக்கொண்டதும் உண்டு.

முன்பெல்லாம் வேனை ஃபேக்டரி முன்னாலிருக்கும் சமதரையில் நிறுத்துவேன். டீ குடிக்க வரும் சுற்றுலாக்காரர்களின் கார்களுக்கு அந்த இடம் தேவைப்பட்டது. எங்கள் வேனை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து வேன் எங்கள் லயத்து வீட்டு வாசலுக்கு வந்தது. வாசல் என்றால் மேடுதான். மூக்கை மேலே பார்க்க நிறுத்தி, பின்சக்கரத்துக்கு ஒரு கல் முட்டுக்கொடுப்போம். மலையில் எல்லாரும் செய்வது அது.

ஆயில் பார்ப்பது என் வீட்டுக்காரரின் பொறுப்பு. அவர் ஃபேக்டரியில் இலை காயவைக்கும் பகுதியில் வேலை செய்கிறார். வேலைக்குக் கிளம்புமுன் முன்சீட்டைத் தூக்கி, ஆயில் குச்சியை உருவி, துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பார். சாமி கும்பிடுவதில்கூட அவருக்கு அத்தனை ஒழுங்கு கிடையாது. ஆயில் குறைந்திருந்தால் கீழ்க்கோட்டிலிருந்து மேல்கோட்டுக்கு வரும்வரை ஊற்றுவார். ஒரு வாரம் போவதற்குள் மறுபடி குறைந்திருக்கும். வேனுக்கு அடியில் அட்டை விரித்துப் பார்த்தோம், ஒரு சொட்டு இல்லை. ஆனால் மேட்டில் ஏறும்போது பின்னால் நீலப் புகை வந்தது.

பிரிஞ்சாங்கில் இருக்கும் பட்டறைக்காரர் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். நுனி கறுத்து ஆயிலில் நனைந்திருந்தது. ஒழுக்கு இல்லை, புகை இருக்கிறது, இவ்வளவு ஆயிலும் குடிக்கிறது என்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும், இனி ஆள் ஏற்றிக்கொண்டு மலை ஏறாதே என்று மலாயில் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் சொன்னதை வைத்துத்தானே அவர் கணக்குப் போட முடியும்? இன்ஜினைப் பிரிக்கிற வசதி எங்களுக்கு அப்போது இல்லை.

பள்ளி விடுமுறை நெருங்கிக்கொண்டிருந்தது. அதுவரை எப்படியாவது ஓட்டுவது, அதற்குப் பிறகு வேன் வராது என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தேன். மேல் லயத்தில் ஒரு பெண் இருந்தாள். பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம், பரீட்சை வருடம். அவளுடைய அம்மா நான் சொன்னதைக் கேட்டு அதிரவில்லை.

“அதுக்கென்னாக்கா செய்யிறது. கியா பார்ம்ல ரோட்டோர ஸ்ட்ராபெரி கடைக்கு ஆள் கேக்குறாங்க. வேன் வர்ற வரைக்கும் அங்க நிக்கட்டும்லா.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ‘வரைக்கும்’ எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நாள் என்று கடையில் போய் நின்ற எந்தப் பிள்ளை திரும்பிப் பள்ளிக்கு வந்தது? ஆனால் யாரைத் திட்டுவது? இறங்கி வந்தேன்.

விடுமுறைக்கு முந்தைய வாரம் ஒரு மதியம், பிள்ளைகளுக்காகப் பள்ளித் திடல் ஓரத்தில் காத்திருந்தேன். மனசு ஆறவில்லை. சும்மா உட்கார முடியாமல், இன்றைக்கு எவ்வளவு குடித்திருக்கிறாய் பார்க்கிறேன் என்று சீட்டைத் தூக்கிக் குச்சியை உருவினேன். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரல் உயரம் நின்றது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அதேதான். காலையில்தான் கீழ்க்கோட்டில் இருக்கிறது, நாளைக்கு ஊற்றணும் என்று அவர் சொல்லியிருந்தார். நடுவழியில் இன்ஜின் ஆயிலைப் பெற்றெடுக்காது அல்லவா?

குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு திடலைப் பார்த்தேன். பந்து வைத்தால் உருளாத தரை. எங்கள் வாசலில் வேன் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஆயில் முழுக்கப் பின்பக்கம் போய் ஒதுங்கிவிடும், முன்பக்கத்துக் குச்சி காய்ந்துதான் வரும். அப்போதுதான் விளங்கியது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அவரிடம் வாயால் சொன்னால் ஏற்கமாட்டார். மறுநாள் அவருக்கு ஓய்வு. கூட்டிவந்து அதே திடலில் அவரையே குச்சியை உருவச் சொன்னேன். பார்த்தார். துடைத்தார். பார்த்தார்.

“அப்ப நான்தான் இத சாவடிச்சிக்கிட்டு இருந்தேனா?”

“சாவடிக்கலங்க. வயிறு ரொம்பினது தெரியாம ஊட்டிக்கிட்டு இருந்தீங்க.”

நடந்ததைக் கேட்டதும் பட்டறைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அளவுக்கு மேல் ஆயில் இருந்தால் உள்ளே சுழல்கிற இரும்பு அதை அடித்துத் தெளிக்கும். தெளித்தது இன்ஜினின் மூச்சுக்குழாய் வழியாக ஏறி எரிந்து புகையாகும். எரிந்து குறைந்ததும் நாங்கள் மறுபடி ஊற்றியிருக்கிறோம். அதிகப்படியை இறக்கிவிட்டு, பிளக்கைச் சுத்தம் செய்து மாட்டினார். ரிங் நன்றாக இருக்கிறதா என்பதை ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும், விடுமுறை முழுக்க வெறும் வேனை மேடேற்று என்றார்.

நான் ஏற்றினேன். பிரிஞ்சாங்கிலிருந்து கியா பார்ம் வரைக்கும், லாரிகளுக்கும் சுற்றுலா பஸ்களுக்கும் நடுவில், கண்ணாடியில் பின்பக்கத்தைப் பார்த்தபடியே தினமும் ஏறி இறங்கினேன். திரும்பும் வழியில் பள்ளித் திடலில் நிறுத்தி, வண்டி ஆறியதும் குச்சியைப் பார்ப்பேன். ஆயில் கோட்டை விட்டு இறங்கவில்லை. அப்படியும் யாரிடமும் சொல்லவில்லை. ஆசை காட்டிவிட்டு மறுபடி இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் பட்டறைக்காரர் சரி என்றார். நேராக மேல் லயத்துக்குப் போனேன். திங்கட்கிழமை வேன் வரும் என்றேன். அந்த அம்மா இன்ஜினைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே திரும்பி மகளிடம் சொன்னார்.

“ஸ்கூலுக்குப் போடுற சப்பாத்த இப்பவே கழுவிப் போடு. இந்தக் குளிர்ல காயணும்ல.”

“கழுவிட்டேன்மா, நேத்தே.” அந்தப் பெண் வெளியே வந்து என்னைப் பார்த்தாள். “கடையிலருந்து தினம் பாத்தேன்க்கா. வேன் மேட்டுல ஏறுச்சு. பொகையே வரல.”