சுத்தமான ஸ்லைடு

என் மேசை இழுப்பறையில், பஞ்சில் சுற்றிய ஒரு ஸ்லைடு இருக்கிறது. இரத்தத்தைத் தேய்த்துச் சாயமேற்றிய கண்ணாடித் துண்டு. ஓரத்து லேபிளில் இருப்பது என் கையெழுத்தல்ல, என் அண்ணன் மனைவியின் கையெழுத்து. "ஒன் கோழிக் கிறுக்கலை டாக்டர் எப்படிப் படிப்பாரு, குடு இங்கிட்டு" என்று பேனாவைப் பிடுங்கித் தானே எழுதினார் மதினி. மிஷன் பள்ளியில் இருபது வருடம் கரும்பலகையில் எழுதிய குண்டுகுண்டான எழுத்து. நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கு இரத்தம் கொடுக்க வந்த இடத்திலும் அவருக்கு எதையாவது திருத்தாமல் இருக்க முடியாது.

எங்கள் கோச்சடை வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் மதினிக்கு எப்போதாவதுதான் மூச்சிழுப்பு வரும். நாற்பதைத் தாண்டியதும் அது வீட்டோடு குடிவந்துவிட்டது. உறிஞ்சும் மருந்து, ஸ்டீராய்டு மாத்திரை எதற்கும் முழுசாக அடங்கவில்லை. ஆலயப் பாடகர் குழுவில் நின்றவர், இரண்டு கிறிஸ்துமஸாக வெறும் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். உடம்பில் சண்டை போடும் அணுக்களும் உண்டு, 'போதும்' என்று அவற்றை அடக்கும் அணுக்களும் உண்டு, இவருக்கு அடக்குகிறவை ஓய்ந்துவிட்டன என்று மருத்துவர் விளக்கினாராம். "லீடர் லீவு போட்ட கிளாஸ் மாதிரின்னு சொல்லுங்க" என்றாராம் மதினி. அப்படிக் கட்டவிழ்ந்த ஈசினோபில் என்ற வெள்ளையணுக்கள்தான் மூச்சுக்குழாயைப் புண்ணாக்குகின்றனவா என்று பார்க்க வேண்டும், இரத்தத்தில் அவை மிகுந்திருந்தால் அவற்றைக் குறைக்கப் புது ஊசி போடலாம் என்றிருந்தார் மருத்துவர். எங்கள் நம்பிக்கையெல்லாம் அந்த ஊசிமேல்தான் இருந்தது. ஆனால் "ஊசிக்கு முன்னாடி ரத்தம் பாக்கணுமாம்" என்று மட்டுந்தான் மதினி என்னிடம் சொன்னார். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

இரத்தம் கொடுக்கிற அன்று காலை ஆய்வகத்துக்கு இரண்டு மாடி ஏறி, மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே வந்தார். மொடமொடவென்று கஞ்சி போட்ட சேலை. எனக்கு ஒரே சந்தோஷம். சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஈசினோபில்கள் செங்கற்பொடி அடைத்ததுபோல் தெரியும். நூறு வெள்ளையணுக்களை எண்ணியதில் ஒன்றுதான் கிடைத்தது. "பாஸா?" என்றார். "பாஸ்தான் மதினி, சுத்தமா இருக்கு" என்றேன்.

அந்த அறிக்கையைப் பார்த்த மருத்துவர், இந்த ஊசி உங்களுக்கானது இல்லை என்று சொல்லிவிட்டார்.

ஒரு வருடம் பழைய மருந்துகளிலேயே ஓடியது. இரண்டு முறை மூச்சு நின்றுபோகிற அளவுக்குப் போய்த் திரும்பிய பிறகு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துத்தான் சொன்னார். "இன்ஸ்பெக்‌ஷன்னா ஸ்கூலுக்கு வெள்ளையடிக்கிறதில்லையா? டாக்டர் முன்னாடி இருமிக்கிட்டு நிக்கக் கூடாதுன்னு, மிச்சங் கெடந்த ஸ்டீராய்டு மாத்திரையை நாலு நாளு போட்டுட்டு வந்தேன். அவரு கேட்டப்ப இல்லைன்னுட்டேன்." அந்த மாத்திரை நோயைத் தீர்க்காது, இரத்தத்தில் அந்த அணுக்களை மறைத்துவிடும். அவருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். மூச்சு வாங்காமல் மாடி ஏறி வந்தவரிடம் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

மறுபடி எண்ணினோம். எம்புட்டுத் தேடியும் கிடைக்காதவை இப்போது கும்பலாக நின்றன. ஊசியும் போட்டார்கள். அதற்குள் மூச்சுக்குழாய்ச் சுவர்கள் தடித்து இறுகிப் போயிருந்தன. நான்காவது ஊசிக்கு மதினி இல்லை.

இப்போது வருகிற எல்லோரிடமும் மாத்திரை போட்டீர்களா என்று கேட்கிறேன். நேற்று கொட்டாம்பட்டியிலிருந்து வந்த பெரியவர், தேய்த்த சட்டையும் நெற்றி நிறைய திருநீறுமாக உட்கார்ந்து, "ஒண்ணும் போடலம்மா" என்றார். அவர் சொன்னது மெய்யா என்று எனக்குத் தெரியாது. அவர் போன பிறகு பஞ்சைப் பிரித்து, மதினியின் ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்து மூலைக்கு மூலை தேடினேன். சுத்தமாகத்தான் இருக்கிறது. பாஸ் என்று சொன்னவள் நான்தான்.