எங்கள் தெருவின் முப்பத்தாறு குழிகள்

என் அறை ஜன்னல் விளிம்பில் ஓர் இரும்புக் குழாய்த் துண்டு நிற்கிறது. ஒரு சாண் உயரம், மணிக்கட்டு நுழையும் அகலம். வெளிப்புறம் முழுக்கத் துரு, ஒரு பக்கம் சிமெண்டு ஒட்டியிருக்கிறது. கல்லூரிப் பஸ் தெருவில் போகும்போதெல்லாம் அது அதிர்ந்து, நூலளவு நகர்கிறது. மாலையில் எடுத்துப் பழைய இடத்தில் வைக்கிறேன். பஸ்களை எண்ண நான் வாசலுக்குப் போக வேண்டியதில்லை, படுத்தபடியே எண்ணிவிடலாம். காலையில் மட்டும் இருபத்திரண்டு. கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எண்ணுவதை நிறுத்த எனக்குத் தெரியவில்லை. என்ன எண்ணி என்ன, யாரும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

இந்தத் துண்டு எங்கள் தெருவின் பழைய ரோட்டில் பதிந்திருந்தது. காஞ்சிபுரத்துத் தறிக்காரர் தெருக்களைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். புடவைக்கு நீளவாட்டில் ஓடும் பட்டு நூல்களின் தொகுதிக்குப் பாவு என்று பெயர். தறியில் ஏற்றுவதற்கு முன் அதைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, லேசாகக் கஞ்சி தெளித்து, அறுந்த இழைகளை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டியாக வேண்டும். இரண்டு கோடியிலும் முளைக்கட்டை அடித்தால்தான் பாவு விறைப்பாக நிற்கும். முளைக்கட்டைக்குத் தரையில் குழி வேண்டும். எங்கள் தெருவில் அப்படி முப்பத்தாறு குழிகள் இருந்தன. பாவை விரித்துவிட்டால் பாதியில் எடுக்க முடியாது. ஈரத்தோடு எடுத்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மூன்று புடவைக்கான பட்டு அத்தோடு போயிற்று.

நூற்றாண்டாக இது பிரச்சினையாக இருக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியெல்லாம் கல்லூரிகள் முளைத்த பிறகுதான் தொல்லை. நேற்றுவரை வேர்க்கடலை போட்ட கிராமங்கள் எல்லாம் கல்லூரி ஊர்களாயின. அதில் ஒரு கல்லூரி எங்களுக்குப் பக்கத்து ஊராட்சியில் வந்தது. கட்டட வரி அந்த ஊராட்சிக்கு, ஹாஸ்டல் வாடகை அந்த ஊர்க்காரர்களுக்கு, கடை வியாபாரமும் அவர்களுக்கே. பஸ் மட்டும் எங்கள் தெருவுக்கு. கோயிலைச் சுற்றிக்கொண்டு போனால் நெரிசல் என்று எங்கள் தெருவைக் குறுக்கு வழியாக்கிக்கொண்டார்கள். எங்கள் நகராட்சியில் கேட்டால் கல்லூரி எங்கள் எல்லையில் இல்லை என்றார்கள். அங்கே கேட்டால் தெரு எங்கள் எல்லையில் இல்லை என்றார்கள். இரண்டு ஊர் நாற்காலிகளுக்கும் நடுவில் எங்கள் பாவு அறுந்துகொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வார்டு தாழ்த்தப்பட்ட பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு, தெருவுக்குப் பின்னால் இருக்கும் காலனியிலிருந்து ஓர் அம்மாள் ஜெயித்து வந்தார். கவுன்சிலரம்மா என்றுதான் எல்லோரும் சொன்னோம். பெயரைச் சொன்னால் இன்று தெருவில் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. மாதா கோயில் பள்ளியில் பத்தாவது வரை படித்தவர். கணவர் கட்டடங்களுக்கு வண்ணம் பூசுகிறவர். ஓட்டுக் கேட்டு வந்தபோது பல வீடுகளில் அவருக்குக் காகித டம்ளரில் காபி கொடுத்தார்கள், எங்கள் வீட்டிலும்தான். அதற்கென்றே என் தம்பி கடையிலிருந்து ஐம்பது டம்ளர் கட்டு ஒன்று வாங்கி வைத்திருந்தான். அவர் குடித்து முடித்து, டம்ளரை மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டு, "நல்லதாப் போச்சு. உங்க வீட்டம்மாவுக்குக் கழுவுற வேலை மிச்சம்" என்றார். தம்பிக்கு அது உறைத்ததா என்று பார்த்தேன். அவன் சிரித்தான்.

பெண் கவுன்சிலர் என்றால் கூட்டத்துக்குக் கணவர் வந்து உட்காருவதுதான் அப்போதைய நடைமுறை. மனைவி கையெழுத்துப் போடுவாள், கணவர் பேசுவார். முதல் கூட்டத்தில் இவருக்குப் பின்னாலும் ஒரு நாற்காலி போட்டு, "வீட்டுக்காரர் வரலையாமா?" என்று கேட்டிருக்கிறார்கள். "அவர் வந்தா கூலி கட் ஆவும்பா. நாற்காலிய எடுத்துடுங்க, காத்து வரட்டும்" என்றாராம். இதை அலுவலகத்துப் பியூன் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அன்றே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

பதவிக்கு வந்ததும் எங்கள் தெருவுக்குத் தார் ரோட்டை மாற்றிச் சிமெண்டு ரோடு போட வைத்தார். குழிகள் மூடிவிடுமே என்று தறிக்காரர்கள் போய் முறையிட்டார்கள். ஒப்பந்தக்காரர் குழி விட முடியாது, ரோடு உடையும் என்று சொல்லிவிட்டார். கவுன்சிலரம்மா பழைய இரும்புக் கடையில் குழாய் வாங்கித் துண்டு போடச் செய்து, ஈரச் சிமெண்டில் ஒவ்வொரு குழி இருந்த இடத்திலும் ஒன்றைப் பதித்து, அதன் வாயையே முளைக்குழியாக்கினார். சிமெண்டு இறுகும் வரை டீக்கடை முக்காலியைத் தெருவில் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் நெய்கிற குடும்பம் இல்லை. எத்தனை குழி, எந்த இடைவெளி என்பதெல்லாம் தெருக்காரர்கள் சொன்னதுதான். ஆனால் சொன்னதைக் காதில் வாங்கினார். நான் முப்பத்தொன்பது வருடம் அரசாங்கத்தில் இருந்தவன். அது எவ்வளவு அபூர்வம் என்று எனக்குத் தெரியும்.

பஸ் விவகாரத்தையும் அதே முக்காலியை வைத்துத்தான் முடித்தார். ஒரு காலையில் நான்கு பாவு விரித்திருந்தது. என் தம்பியுடையதும் அதில் ஒன்று. பஸ் தெருமுனையில் வந்து நின்று, எடுக்கச் சொல்லி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. தம்பி கையில் கஞ்சிச் சட்டியோடு நின்றான். கவுன்சிலரம்மா முக்காலியைக் கொண்டுவந்து பஸ்ஸின் மூக்குக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னாமா இது, பசங்களுக்குப் பரீட்சை இருக்குது. லேட்டானா நீயா பதில் சொல்லுவ?" என்றான் டிரைவர்.

"சொல்றேன்பா. உங்க பிரின்சிபால் கேட்டா, கவுன்சிலர் பாவு காய வச்சிக்கினு இருக்காங்கன்னு சொல்லு."

"நீயா நெய்யுற?"

"நெய்யறவங்க எனக்கு ஓட்டு போட்டாங்க. உனக்கு ஓட்டு எந்த ஊர்ல?"

"வாலாஜாபாத்."

"அப்போ அங்க போய் ஹாரன் அடி."

பஸ்ஸுக்குள் இருந்த பிள்ளைகளே கைதட்டினார்கள். பஸ் பின்னால் நகர்ந்தது. ஒரு நாளோடு அது முடியவில்லை. பாவு விரிக்கும் காலைகளில் எல்லாம் முக்காலியோடு வந்தார். இரண்டு ஊர் அலுவலகங்களுக்கும் நடையாய் நடந்து, காலையில் எங்கள் தெருவுக்குள் கல்லூரிப் பஸ் வரக்கூடாது என்று தீர்மானம் போட வைத்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவருக்கு எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தது. அந்த டம்ளர் தனியாக, கொல்லைப் பக்கத்து அலமாரியில் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த தேர்தலில் வார்டு பொதுவாயிற்று. கல்லூரிக்கு பஸ்களை வாடகைக்கு விடும் டிராவல்ஸ்காரர் எங்கள் வார்டில் நின்றார். பஸ் அவருடையது, தெரு எங்களுடையது. அவர் எதற்காக நிற்கிறார் என்று தெரிந்துகொள்ள ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. தெருவை அகலப்படுத்தி, கல்லூரி செலவில் கண்ணாடி மாதிரி ரோடு போட்டுத் தருகிறேன் என்றார். தறிக்காரர் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் சலுகையில் இடம் வாங்கித் தருகிறேன் என்றார். அவருக்கு என் தம்பி வெள்ளி டம்ளரில் பாதாம் பால் கொடுத்தான். எங்கள் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு வாங்கிய டம்ளர் அது.

கவுன்சிலரம்மாவும் சுயேச்சையாக நின்றார். எங்கள் வாசலுக்கு வந்தபோது ஒரே கேள்விதான் கேட்டார்: "ரோடு வரட்டும்பா. பஸ்ஸும் அதுல வரும். பாவ எங்க போடுவீங்க?" தம்பி, "அதெல்லாம் பேசிக்கலாம்மா, நீங்க காபி சாப்டுங்க" என்றான். மறுபடியும் காகித டம்ளர் வந்திருந்தது. அவர் அதைக் கையில் வாங்கவில்லை.

தோற்றார். எங்கள் தெருவில் எழுபத்தோரு வீடு. எங்கள் சாவடியில் அவருக்கு விழுந்தது பத்தொன்பது ஓட்டு. வீட்டுக்கு ஒன்றுகூட இல்லை.

சொன்னபடி ரோடு வந்தது. பழைய ரோட்டை இயந்திரம் வைத்து உடைத்தார்கள். தெருப் பெண்கள் வேலையாட்களுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். புதுச் சிமெண்டு ஊற்றுவதற்கு முன் நான் டிராவல்ஸ்காரரிடம் போய், "குழிகள் முப்பத்தாறு. குழாய் எங்கே வைக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டேன். "குழிதானே சார், டிரில்லிங் மிஷின் இருக்குது. அப்புறமா போட்டுக்கலாம்" என்றார். தம்பி என் கையைப் பிடித்து இழுத்தான். "அண்ணா, ஆபீஸ்ல ரூபாய எண்ணினே, சரி. இப்போ குழிய எண்ணிக்கினு இருக்கிற. நல்ல காரியம் நடக்கிற எடத்துல வாய வச்சிக்கினு சும்மா இருக்க மாட்டியா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் பாவு போட்டவர்கள், தங்கள் முளைக்குழிகள்மேல் சிமெண்டு ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டு, கையில் தொன்னையோடு சிரித்தார்கள். இடிபாட்டுக் குவியலிலிருந்து இந்தக் குழாய்த் துண்டை அன்று மாலை பொறுக்கி எடுத்துவந்தேன்.

ரோடு காய்ந்ததும் குழி தோண்டப் போனால், புது ரோட்டை வெட்டினால் அபராதம் என்று சொல்லிவிட்டார்கள். மின்கம்பத்தில் கட்டிப் பார்த்தார்கள், கோணலாக இழுத்தது. மாட்டுவண்டிச் சக்கரத்தில் கட்டிப் பார்த்தார்கள். வண்டி நகர்ந்து, பக்கத்து வீட்டுக்காரன் பாவு தெருவில் கிடந்தது. காலைத் தடைத் தீர்மானத்தை யாரும் ரத்து செய்யவில்லை, யாரும் மதிக்கவும் இல்லை. இப்போது பாவைச் சுருளாக லோடு ஆட்டோவில் ஏற்றி, திருப்பருத்திக்குன்றம் பக்கம் ஒரு காலி மனைக்குக் கொண்டுபோய் விரிக்கிறார்கள். மரம் இல்லாத வெட்டவெளி. காற்று அடித்தால் இழை பறக்கிறது. மனைக்காரன் அதையும் விற்கப் போகிறானாம், ஹாஸ்டல் கட்டுகிறார்களாம். சலுகையில் இடம் கிடைத்த பிள்ளை எங்கள் தெருவில் ஒருவன். டிராவல்ஸ்காரரின் அக்கா மகன்.

இதற்கெல்லாம் தெரு யாரைத் திட்டுகிறது என்று கேட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. டிராவல்ஸ்காரரைத் திட்டுவதில்லை, அவர் வந்தால் எழுந்து நிற்கிறார்கள். "தோத்ததும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்குறாங்களா பாரு. பதவி இருந்தாதான் அக்கறை" என்று கவுன்சிலரம்மாவைத்தான் சொல்கிறார்கள். முதலில் சொன்னவன் என் தம்பி. அவரோ கணவர் கீழே விழுந்து இடுப்பு உடைந்து படுத்ததிலிருந்து, அதே கல்லூரியின் ஹாஸ்டல் சமையல்கட்டில் வேலைக்குப் போகிறார். எந்த பஸ்ஸை மறித்தாரோ அந்த பஸ்ஸில்.

மறுபடியும் தேர்தல் பேச்சு வந்திருக்கிறது. போன மாதம் தெருவிலிருந்து என் தம்பியும் சேர்த்து ஐந்து பேர் அவர் வீட்டுக்குப் போனார்கள், மறுபடி நிற்கச் சொல்லிக் கேட்க. என்னையும் கூட்டிப் போனார்கள். பென்ஷன்காரன் சொன்னால் மதிப்பாராம். நான் இந்தக் குழாய்த் துண்டைப் பையில் போட்டு எடுத்துப் போனேன். சின்ன வீடு, சுவரெல்லாம் கணவர் பூசிய வண்ணம், வெவ்வேறு வேலையில் மிஞ்சியது போலும், நாலு சுவரும் நாலு நிறம். ஆறு எவர்சில்வர் டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தார். நான் குடித்தேன். இன்னொருவன் உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டான். மற்ற நால்வரும் தொடவில்லை. "இப்பதான் சாப்ட்டு வந்தேன்மா, வயிறு சரியில்ல" என்றான் என் தம்பி. உதவி கேட்டு வந்த வாயால் சொன்னான்.

அவர் டம்ளர்களைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த குழாயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத இன்னும் வச்சிக்கினு இருக்கீங்களா சார்" என்றார். தம்பியிடம் திரும்பி, "நான் குழி விட்டேன். நீங்க பொங்கல் வச்சு மூடினீங்க. இதுல நான் இன்னாபா பண்றது? டீ ஆறிடுச்சு, பரவால்ல, எங்க வீட்ல குடிப்பாங்க" என்றார். குழாயை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும் வழியெல்லாம் தம்பி, "திமிரு பாத்தியா" என்று சொல்லிக்கொண்டே வந்தான். நான் அவனோடு பேசி இன்றோடு ஒரு மாதம் ஆகிறது. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.

இன்று காலை படுத்தபடி எண்ணிக்கொண்டிருந்தேன். பதினான்காவது பஸ் தெருமுனையில் திரும்புகிற சத்தம் கேட்டது, ஆனால் குழாய் அதிரவில்லை. எழுந்து ஜன்னலில் பார்த்தேன். எங்கள் வாசலில் லோடு ஆட்டோ குறுக்கே நின்றிருந்தது. தம்பியும் அவன் மகனும் பாவுச் சுருளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு நுனி அவிழ்ந்து ரோட்டில் தொங்கியது. பஸ் பத்தடி தள்ளி நின்றிருந்தது, ஹாரன் அடிக்காமல். டிரைவருக்குப் பின்னால் கவுன்சிலரம்மா எழுந்து நின்று, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையை டிரைவரின் தோளில் வைத்திருந்தார். "இருப்பா, பட்டு. அவங்க ஏத்தட்டும்" என்றது எனக்கே கேட்டது.

என் தம்பிக்கும் கேட்டிருக்கும். தொங்கிய நுனியை நிதானமாகச் சுருட்டினான், துண்டால் கட்டினான், ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தான். பஸ் பக்கம் திரும்பவே இல்லை. ஆட்டோ போய்த் தெரு காலியாகும் வரை பஸ் நின்றது. அதுவரை ஜன்னல் விளிம்பில் இந்த இரும்பு அசையாமல் இருந்தது.